அழகரத்தினத்தின் சோடிப் பெட்டி

இந்த வீட்டில் தனக்கென்று ஒரு சாமானாவது இருக்க வேண்டும் என்று அழகரத்தினம் முடிவெடுத்தது, கலியாணம் முடித்து ஏழாவது வருசத்தில்.

வீடு சீதேவியின் சீதனம். வளவு அவளுடைய தாய் எழுதிக் கொடுத்தது. கதிரை, கட்டில், கிணற்று வாளி எல்லாம் அவள் பக்கம். அவர் கொண்டுவந்தது தபால் கந்தோர் உத்தியோகமும் ஒரு சைக்கிளும். அந்தச் சைக்கிளையும் தொண்ணூறாம் ஆண்டில் யாரோ அவசரத்துக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். யார், எப்போது தருவீர்கள் என்று கேட்கிற காலமா அது?

ஆகவே, ஸ்பீக்கர் பெட்டி. ஒன்றல்ல, சோடி. பழைய காரொன்றில் கழற்றிய ஸ்பீக்கர் இரண்டு, சாரத்தில் சுற்றிக் கட்டிலுக்கடியில் கிடந்தன. களுதாவளைக்குக் கரண்ட் கிழமையில் மூன்று நாள் வந்தது. அதில் ஒரு நாளாவது வலது காதில் வயலினும் இடது காதில் மிருதங்கமுமாகக் கேட்டுவிட்டால், செக்பொயின்றில் நின்று நின்று வீங்கிய கால் வற்றிவிடும் என்று அவர் நம்பினார்.

சீதேவியும் ஏழு வருசமாக ஒரு சாமான்தான் கேட்டாள். கம்பிவலை அடித்த சாப்பாட்டு அலுமாரி. பூனையும் எலியும் எறும்பும் தின்று கழித்த மிச்சத்தைத்தான் இந்தக் குடும்பம் சாப்பிட்டு வந்தது. கேட்கும்போதெல்லாம் அவர், "ஆறுதலாச் செய்வம்" என்பார். ஸ்பீக்கரென்றால் பளபளக்கிற உளி, அலுமாரியென்றால் மட்டும் ஏன் துருப்பிடிக்கிறது? இப்படி நியாயம் கேட்டால் ஆண்களுக்கு உடனே களைப்பு வந்துவிடும்.

"இஞ்சே சீதேவி, அந்த உடைஞ்ச கட்டில் பலகை எனக்கு வேணும்."

"எடுங்க."

சண்டைக்கு மூன்று நியாயம் தயாரித்து வந்தவருக்கு மூன்றும் வீணாய்ப் போயின.

அவர் பலகை அறுக்க வாளெடுத்தால் அவளும் தேங்காய் திருவுகிற திருவலையோடு வந்து பக்கத்தில் குந்தினாள்.

"முன்னுக்கு என்ன போடப் போறீங்க?"

"துணி."

"துணிய எலி அரிச்சிரும். கம்பிவலை அடிச்சா சத்தமும் தாராளமா வெளிய வருமே?"

அது நியாயம்தான். வலை அடித்தார்.

"பின்பக்கத்த ஆணியடிச்சு மூடினா, வயர் அறுந்தா எப்பிடிக் கை விடுவீங்க? பிணைச்சல் போட்டுக் கதவாக்குங்க."

ஆக்கினார்.

"நடுவில ஒரு தட்டு வைங்க."

"தட்டு என்னத்துக்குகா?"

"பெரிய பாட்டுக்குப் பெட்டி நடுங்கக் கூடாதெல்லுவா?"

அழகரத்தினம் வாளைக் கீழே வைத்துவிட்டார். "எண்ட பொஞ்சாதிக்கு இருக்கிற காது இந்தப் பகுதியில ஒருத்தருக்கும் இல்ல" என்று மறுநாள் கந்தோரில் சொல்லியும் விட்டார். அன்று பின்னேரமே இரண்டு பெட்டிக்கும் நான்கு நான்கு காலும் வைத்தார். நிலத்து ஈரம் பாட்டைக் கெடுக்குமாம்.

வச்சிரப் பசை காய்ச்சி மூலை ஒட்டினார். மரத்தூள் குழைத்து ஓட்டை அடைத்தார். சாண்ட்பேப்பர் தேய்த்ததில் கைரேகை அழிந்தது. வார்னிஷ் மூன்று தரம். வாவிக் காற்றுக்கு அது காய்வேனா என்று நின்றது. மூன்று மாசம் போயிற்று. ஒரு சனிக்கிழமை தொட்டுப் பார்த்தார், விரலில் ஒட்டவில்லை. வயரைக் கொழுவி வெளியே தொங்கவிட்டார். நாளைக்கு ஸ்பீக்கர் பூட்டினால் சரி.

நாளைக்கு விடிந்தது, ஆமி ஊரை வளைத்த ரவுண்டப்போடு.

உள்ளே வந்த ஆமிக்காரன் நேரே பெட்டியடியில் நின்றான். துவக்கு நுனியால் தட்டினான். தொங்கிய வயரைப் பார்த்தான். பிறகு அழகரத்தினத்தைப் பார்த்தான். பெட்டியிலிருந்து வயர் தொங்கினால் அந்த நாளில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. அவருக்குச் சிங்களமும் தெரியாது. பொலன்னறுவையில் தகப்பனின் கடையில் வளர்ந்த சீதேவிதான் முன்னுக்கு வந்தாள்.

"கேம பெட்டிய, மாத்தயா. சாப்பாட்டுப் பெட்டி."

பின்கதவைத் திறந்தாள். மேல்தட்டில் தயிர்ச்சட்டி. கீழே மீன்குழம்பு, கருவாட்டுப் பொரியல். நான்கு காலுக்கும் நான்கு தண்ணீர்ச் சிரட்டை. இதெல்லாம் எந்த நேரத்தில் குடிவந்தன?

ஆமிக்காரன் மூக்கை உறிஞ்சினான். இரண்டே இரண்டு சொல் சொன்னான். போய்விட்டான்.

"என்னவாம்?" அழகரத்தினம் படலையை எட்டிப் பார்த்தபடி கேட்டார்.

"வாற கிழமையும் வந்து பார்ப்பானாம். சாப்பாடு இல்லாமக் கண்டா ஒங்களக் கூட்டித்துப் போவானாம். வயரெல்லாம் கழட்டிப் போடட்டாம். கம்பிவலை கழண்டிராமப் பார்த்துக்கொள்ளட்டாம்."

இரண்டு சொல்லுக்குள் இவ்வளவுமா? சிங்களம் மிகவும் சுருக்கமான பாஷை என்று நினைத்தபடி அவர் வயரைக் கழற்றினார்.

ஆனாலும் மனம் விடவில்லை. அறைக்குள் மற்றப் பெட்டி, அவன் கண்ணில் படாமல், வார்னிஷ் மணக்க நின்றது.

"இது கிடக்கட்டும், புள்ள. மற்றதில ஒரு ஸ்பீக்கரப் பூட்டி, மெதுவா, ஒரு காதால எண்டாலும் கேக்கிறன். அது மட்டும் எண்ட சாமானா இருக்கட்டுமே."

சீதேவி பெட்டிக் கதவை மூடினாள். படலைதான் திறந்தது. பக்கத்து வளவுப் புஸ்பம், தலையில் சும்மாடு சுற்றிக்கொண்டு வந்தாள்.

"மற்றது காஞ்சித்தா, அண்ணன்? நீங்க கட்டில் பலகை கேட்ட அண்டைக்கே அக்கா எனக்கெண்டு சொல்லித்தா. கொஞ்சம் தூக்கி விடுங்க."