ஷெட் தரைக்கு என்ன பூசலாம்?

புதிதாகப் போட்ட சிமென்ட் தரையில் மணலால் பாத்தி கட்டி, பதினான்கு நாள் காலையும் மாலையும் குடம் குடமாகத் தண்ணீர் நிறுத்தியவள் பொன்னி. வேங்கிக்கால் வீட்டுக் கார் ஷெட் அது. தரை காய்ந்த பிறகு மேலே என்ன பூசலாம் என்று விசாரிக்கும் வேலையை மட்டும் அவள் கணவர் இராமலிங்கம் எடுத்துக்கொண்டார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

விசாரிப்பவர் என்று ஓர் இனம் உண்டு, தெரியுமல்லவா? இவர் கஞ்சரல்ல, சோம்பேறியுமல்ல. ஒரு சாமான் வாங்கு முன் நாலு பேரைக் கேட்பார். நாலு பேரும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டால் சந்தேகம் வந்து ஐந்தாவது ஆளைத் தேடுவார். அந்த ஆள் மாற்றிச் சொன்னால்தான் இவர் முகம் தெளியும். "பார்த்தியா? கேட்டது நல்லதாப் போச்சு!"

பெயின்டர் மாறன் முதல் நாளே வந்து தரையைத் தட்டிப் பார்த்தார். "சீலர் ரெண்டு கோட்டு அடிச்சா எண்ணெய் இறங்காது சார், தூசியும் கிளம்பாது. ரெண்டு நாள் வேலை."

பொன்னிக்கு அது போதும். கார்த்திகைத் தீபத்துக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து அவள் பிறந்த வீட்டு ஜனம் இருபது பேர் வரும். அடுப்பு மூட்டுவது அந்த ஷெட்டில்தான். வெறும் சிமென்ட் எண்ணெயைக் குடித்துவிட்டால் அப்புறம் எந்தப் பூச்சும் ஒட்டாது.

"இன்னும் பன்னெண்டு நாள்தாங்க இருக்கு. மாறனையே வரச் சொல்லிடுங்க."

"இரு பொன்னி. இன்னும் ஒரே ஒரு ஆளைக் கேட்டுடறேன்."

அந்த ஒரே ஒரு ஆள் யார் என்கிறீர்கள்? ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரர், அவர் கைகாட்டிய இன்ஜினியர், எஸ்.டி.டி. பூத்திலிருந்து பிடித்த சென்னை சித்தப்பா, சைக்கிள்கூட வைத்திராத மாடி வாடகைக்காரர், இவர் வாய்க்குள் இடுக்கியோடு நின்ற பல் டாக்டர். ஞாயிறன்று மலை சுற்றப் போனார். மற்றவர்கள் அண்ணாமலையாரைக் கேட்டுக்கொண்டு நடக்க, இவர் பக்கத்தில் நடந்தவர்களைக் கேட்டுக்கொண்டு நடந்தார். அடி அண்ணாமலை டீக்கடையில் ஒரு வேலூர்க்காரர் சிக்கினார்.

"எப்பாக்ஸி போடுங்க சார். எங்க கம்பெனி தரையில முகம் பார்க்கலாம்."

"வழுக்குமா?"

"தண்ணி பட்டா வழுக்கும்."

வீட்டுக்கு வந்ததும், "எப்பாக்ஸி வேணாம் பொன்னி, வழுக்குமாம்" என்றார். வேண்டும் என்று அந்த வீட்டில் யார் அழுதார்கள்?

மாறன் மூன்று முறை பிரஷ்ஷோடு வந்து திரும்பினார். நான்காவது முறை ஆளனுப்பியபோது ஒரு லாட்ஜில் சாரத்தின்மேல் நின்றிருந்தார்; தீபத்துக்கு முன் இறங்க வழியில்லையாம்.

தீபத்தன்று ஜனம் வந்தது. அடுப்பு மூண்டது. வடை சுட்டு இறக்கி ஆற வைத்திருந்த எண்ணெய்ச் சட்டியை யாரோ இடித்துவிட, நடு ஷெட்டில் அது கவிழ்ந்தது. சாக்கைத் தேடி எடுப்பதற்குள் தரை பாதியைக் குடித்துவிட்டது.

பொன்னியின் தம்பி சின்னசாமி குனிந்து பார்த்தான். "இன்னா மாமா, முன்னாடியே எதனா பூசியிருக்கக் கூடாதா?"

இராமலிங்கத்தின் முகம் மலர்ந்தது. "எதைப் பூசியிருக்கலாம்? சொல்லு மச்சான்!"

எல்லோரும் பஸ் ஏறிப் போன மறுநாள், கூடத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பொன்னியின் எதிரே வந்து உட்கார்ந்தார். "எண்ணெய்க் கறைக்கு என்ன போடலாம்? உனக்கு எதனா தோணுதா?"

இத்தனை பேரைக் கேட்டவர் அவளைக் கேட்டது இதுதான் முதல் தடவை. பொன்னி முறத்தோடு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டே, "அந்தக் கறைக்கு இதைப் போட்டா போயிடுமே, இல்ல?" என்று பக்கத்திலிருப்பவரிடம் கேட்டீர்களானால், கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். அவருடைய நாற்காலி காலியாக இருக்கும்.