உங்கள் ஓட்டை எங்களிடம் விடுங்கள்

அன்பும் பொறுமையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். அவள் குரல் என்னைவிட நலம். அங்கு நீங்களும் மகளும் நலந்தானே?

"இந்த வயசுல தேர்தல்ல நிக்கணுமா மாமா?" என்று கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் உங்கள் அத்தை போனைப் பிடுங்கிவிட்டாள். கடிதத்தை அப்படிப் பிடுங்க முடியாது.

தெருமுனைப் பொதுக்குழாயை மூடப்போவதாக நகரசபையில் பேச்சு. எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு அதை விட்டால் வேறு தண்ணீர் இல்லை. அச்சகத்தில் ஆயுள் முழுக்க அடுத்தவர் பிழையைத் திருத்தியவன், இதையும் திருத்தலாமே என்று வார்டு தேர்தலில் நின்றுவிட்டேன். உடனே தண்ணீர்த் தொட்டிக் கம்பெனி மேலாளர் பெரிய காரில் வந்து, "செலவெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார், நீங்க கையை மட்டும் கூப்புங்க" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சுவரொட்டியில் நான் சின்னதாக, தொட்டி பெரிதாக, அடியில் 'உங்கள் ஓட்டை எங்களிடம் விடுங்கள்' என்ற வாசகம். ஒற்று, சந்தி எல்லாம் பார்த்து, பிழையில்லை என்று நானே கையெழுத்துப் போட்டேன். ஓட்டு என்ற சொல்லோடு ஐ சேர்ந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும்; ஊருக்கு ஓட்டை என்றால் ஓட்டைதான். விடிந்தால் வாசலில் ஒழுகும் வாளி, ஒழுகும் குடம், ஒழுகும் குடை! ஓர் அம்மாள், "விடுங்கன்னு சொல்லிட்டு இப்ப முழிச்சா எப்படிங்க?" என்று வாளியை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். உங்கள் அத்தையோ, "ஜெயிக்கறீங்களோ இல்லையோ, ஓட்டையைப் பத்தவைக்கவாவது கத்துக்கோங்க" என்கிறாள்.

நடுவில் மேலாளர் மறுபடி வந்து, "அந்தக் குழாய்ப் பேச்சு மட்டும் வேண்டாம் சார். குழாய் இருந்தா தொட்டியை யாரு வாங்குவா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. "குழாய்க்காகத்தானய்யா நிக்கறேன்! உங்க காசும் வேண்டாம், காரும் வேண்டாம்" என்று கத்திவிட்டேன். மனிதர் முகம் சுளிக்கவில்லை. சாயங்காலமே என் முகத்தின் மேல் எதிர் வேட்பாளரின் முகத்தை ஒட்டிவிட்டார்கள். வாசகத்தை மட்டும் மாற்றவில்லை. வாளிக் கூட்டம் அப்படியே அவர் வாசலுக்குப் போனது. அவர் எரிந்து விழுந்து விரட்ட, அத்தனை பேரும் கோபத்தில் எனக்கு ஓட்டுப்போட, நான் ஜெயித்தே விட்டேன்!

குழாயை மூடும் பேச்சு சபையில் அடங்கிவிட்டது. குழாய் இருக்கிறது, தண்ணீர் வருகிறது. கம்பெனியின் சல்லிக்காசு என்மேல் ஒட்டவில்லை. மனசு நிறைந்திருக்கிறது மாப்பிள்ளை.

நீங்கள் இருவரும் ஒழுகாத கூரையும் வற்றாத குழாயுமாக நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் மாமனார் (இப்போது வார்டு உறுப்பினரும்கூட)

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது உங்கள் அத்தை காலிக் குடத்தோடு வந்து நிற்கிறாள். தெருக்குழாயில் பெரிய ஓட்டையாம். அதைப் பழுது பார்க்கும் வேலையை யாருக்குக் கொடுப்பது என்று நாளை சபையில் வாக்கெடுப்பு. கேட்டிருப்பது ஒரே ஒரு கம்பெனி. வாசலில் அந்தப் பெரிய கார். மேலாளர் கை கூப்பியபடி, "உங்க ஓட்டை எங்ககிட்ட விட்டுடுங்க சார்" என்கிறார். எந்த ஓட்டை என்று கேட்டேன்.

"ரெண்டையும்தான் சார்" என்கிறார்.