சாமி இ.சி.ஜி. கேட்டது

நோயைத் தாங்கிக்கொள்ளலாம். இருக்கிறது என்று நம்ப வைப்பதுதான் பெரும்பாடு.

பழங்காநத்தத்தில் ஒரு அரிசிக் கிட்டங்கியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சு தாறுமாறான வேகத்தில் அடிக்கும். சுவிட்சைப் போட்ட மாதிரி ஆரம்பிக்கும். அணைத்த மாதிரி நிற்கும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் நின்றிருக்கும். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவார்கள். வேலைக்கள்ளன் என்று பெயர் வந்தது. (லாரி வந்து நின்றால்தான் நெஞ்சும் அடிக்கும். நானே நம்பியிருக்க மாட்டேன்.) இனி ஒரு தடவை மூட்டையைப் பாதியில் இறக்கினால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்றார் மேஸ்திரி. என் மனைவி ராணியும் அவர் பக்கம்தான்.

அங்கே ஒரு டாக்டர் மட்டும் ஒன்று சொன்னார். "முகத்துல சில்லுனு தண்ணி பட்டா சில பேருக்கு நின்னுரும். நின்னா நல்லதுதான். ஆனா அடிக்கிறப்பவே ஒரு தடவ பேப்பர்ல பிடிச்சாத்தான் என்னன்னு சொல்ல முடியும்."

அன்றிலிருந்து நோய் எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

பேரையூரில் கட்டிக்கொடுத்த தங்கச்சியின் மகளுக்கு அழகர்கோவிலில் காது குத்து. நான் தாய்மாமன். கழுத்தில் மாலை, நெஞ்சு முழுக்கச் சந்தனம், மடியில் பிள்ளை. பக்கத்தில் கொட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். அப்போது ஆரம்பித்தது.

கழுத்து நரம்பு துடித்தது. மாலை குதித்தது. மடியில் பிள்ளையும் சேர்ந்து ஆடியது.

ஆசாரி ஊசியை இறக்கினார். "அண்ணே, இம்புட்டு ஆட்டம் ஆடுனா எங்கிட்டுக் குத்துறது?"

தங்கச்சி வீட்டுக்காரர் செல்வம். அவருடைய சித்தப்பா எழுந்து என்னைக் கும்பிட்டார்.

"கருப்பு வந்துருச்சு."

பொம்பளைகள் குலவை போட்டார்கள். கொட்டுக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். (என் நெஞ்சின் வேகத்துக்கு அவர்களால் வர முடியவில்லை.) ஒரு அம்மா முன்னால் வந்து, "எம் மகனுக்கு எப்பச் சாமி பொண்ணு அமையும்?" என்றார்.

"பெறகு சொல்றேன்" என்றேன். அவர் பயபக்தியோடு ஒதுங்கிக்கொண்டார்.

மூச்சைக் கூட்டி, "இ.சி.ஜி. எடுக்கணும்" என்றேன். எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. கொட்டு நின்றது.

"சாமி இ.சி.ஜி. கேக்குமா சித்தப்பா?" என்றார் செல்வம்.

"போன வருசம் சுருட்டு கேட்டுச்சு. இப்ப இது. கேட்டதக் குடுக்குறதுதானடா நம்ம வேலை."

அதற்குள் ராணி ஒரு குடம் மஞ்சத்தண்ணியோடு வந்துவிட்டாள். தலையில் ஊற்றிச் சாமியை மலையேற்ற. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. ஊற்றினால் நின்றுவிடும். நின்றால் பேப்பர் இல்லை. பேப்பர் இல்லாவிட்டால் வேலை இல்லை.

"தண்ணிய ஊத்துன, இருக்குது உனக்கு" என்று கத்தினேன்.

கல்யாணமான நாளிலிருந்து நான் அவளை அதட்டியதில்லை. வந்திருப்பது சாமிதான் என்பதில் அப்புறம் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவளே குடத்தை இறக்கிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வேனில் ஏற்றினார்கள். காது குத்தாமல் தாய்மாமன் மடியிலிருந்து பிள்ளையை இறக்கக்கூடாது என்றார்கள். பிள்ளையும் வந்தது. அதனால் ஆசாரியும் வந்தார். வேன் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தேன். அடித்தது. நிம்மதியாக இருந்தது. (அது நின்றுவிடக் கூடாதே என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். அம்புட்டு அறிவு.)

ஆஸ்பத்திரியில் நர்சம்மா என் நெஞ்சைப் பார்த்துவிட்டுப் பஞ்சை எடுத்தார்.

"தொடைக்காதம்மா, சாமி குத்தமாயிரும்" என்றார் சித்தப்பா.

"சந்தனத்து மேல வயர் ஒட்டாது. சாமிய நான் பேசிக்கிறேன். பிள்ளையத் தூக்கிக்கிட்டு நீங்க வெளிய இருங்க."

பேப்பர் வந்தது. டாக்டரம்மா சின்ன வயசு. எனக்கும் காட்டினார்.

"ஒவ்வொரு கூரான கோட்டுக்கும் முன்னாடி ஒரு சின்ன மேடு இருக்கணும். உங்களுக்கு அது தெரியல. கூரெல்லாம் ஒல்லியா, ஒரே இடைவெளியில, வேகமா ஓடுது. இதுக்குப் பேரு எஸ்.வி.டி. இதயத்துல கரண்டு தப்பான வழியில சுத்திச் சுத்தி வருது."

எனக்கு அது தையல் மெஷினில் ஓட்டிய தையல் மாதிரித் தெரிந்தது. நெருக்கமாக, பிசகாமல். அதைவிட அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை.

கையில் ஊசி போட்டார்கள். கிணற்றில் விழுகிற மாதிரி ஒரு நொடி. பிறகு நெஞ்சு அமைதியானது. வெளியே பெஞ்சில் என்னை உட்கார வைத்து, பிள்ளையை மறுபடி மடியில் வைத்து, ஆசாரி காது குத்தினார். பிள்ளை கத்தியதில் மற்ற வார்டு ஆட்களும் எட்டிப் பார்த்தார்கள்.

மேஸ்திரி பேப்பரைப் பார்த்தார். தராசில் நிற்கிற வேலைக்கு மாற்றிவிட்டார். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில் தொடை வழியாக வயர் விட்டு, கரண்டு சுற்றிய இடத்தைச் சுட்டார்கள். பிறகு அது வரவில்லை.

அந்தப் பேப்பரைச் சித்தப்பா வாங்கிக்கொண்டு போனார். கண்ணாடி போட்டு, பொட்டு வைத்து, பேரையூர் வீட்டில் கருப்பு படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடம், "கருப்பு வந்தத மிஷினே எழுதிக் குடுத்துருக்கு பாருங்க" என்கிறார்.

இப்போதும் விசேஷ வீடுகளில் கொட்டு ஆரம்பித்தால் எல்லோரும் என் கழுத்தைப் பார்க்கிறார்கள். நான் பந்தி எப்போது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

"அவன ஏன்டா பாக்குறீங்க?" என்பார் சித்தப்பா. "வந்த சாமிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிச் சுட்டுட்டு வந்த பய அவன்."