கேப்டன் நேரில் வருகிறார்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குள் ஓர் ஆண்பிள்ளை வேண்டும். ஐம்பத்தெட்டு வயது, மீசை, கடலில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டிய களை. சனிக்கிழமை மதியம் பட்டதாரிக்குக் கிடைத்தது மாமா மட்டும்தான். வயது சரி, மீசையும் சரி. கடலை மட்டும் அவர் காலண்டரில்தான் பார்த்திருந்தார்.

"ஏம்மா, நான் கண்டக்டர். முப்பத்தோரு வருஷமா பஸ்ஸுல விசில் ஊதுறவன். என்னைப் போய்க் கப்பல் கேப்டன்னா எவன் நம்புவான்?"

"நீங்க பேசாம இருந்தா எல்லாரும் நம்புவாங்க மாமா."

"பேசாம இருக்கத் தெரிஞ்சா உங்க அத்தைகிட்ட நான் ஏன் தினம் வாங்கிக் கட்டிக்கிறேன்?"

"டிப்போவுல மெமோ குடுத்தப்ப, பதில் எழுதிக் குடுத்து உங்க வேலையைக் காப்பாத்துனது யாரு?"

மாமா கண்ணாடி முன்னால் போய் மீசையைச் சீவத் தொடங்கினார்.

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் என்பதால் அவளுக்குப் பட்டதாரி என்றே பெயர் விழுந்துவிட்டது. பல்பு எரியவில்லையா, கூப்பிடு பட்டதாரியை. தபாலில் வந்த காகிதம் புரியவில்லையா, கூப்பிடு பட்டதாரியை. இயற்பியல் படித்த அந்தப் பட்டதாரிக்கு வாய்த்த வேலையோ, ஒரு சலவை இயந்திரக் கம்பெனியில் போனை எடுத்து, யார் வீட்டுச் சட்டையோ கிழிந்ததற்கு ஒரு நாளைக்கு நூற்றுப்பத்து முறை மன்னிப்புக் கேட்பது.

மற்றவர்கள் மன அமைதிக்குப் பாட்டுக் கேட்பார்கள். அவள் கப்பல்கள் எப்படி மூழ்குகின்றன என்று படிப்பாள்.

அப்படித்தான் 'போர்க்கப்பல் ஆர்வலர் பேரவை' என்ற செல்போன் குழுவில் போய்ச் சேர்ந்தாள். முந்நூறு உறுப்பினர்கள். ஒருவரும் துடுப்பைத் தொட்டதில்லை. ஆனால் எந்த நாட்டுக் கடற்படை எங்கே கோட்டை விட்டது என்று பல் தேய்ப்பதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். மங்கலான ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, மேல்தளத்தில் தெரிவது ஏவுகணைக் குழாயா, தண்ணீர்த் தொட்டியா என்று மூன்று நாள் அடித்துக்கொள்வார்கள். தலைவருக்குப் பட்டப்பெயர் 'அட்மிரல்'. குளியலறை டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். அவரையே அடக்கி வைத்திருந்த ஆள் 'பீரங்கி'. முகம் யாருக்கும் தெரியாது. எழுதினால் எதிராளி எழுந்திருக்க முடியாது.

இரண்டு வருஷத்துக்கு முன், சொந்தப் பெயர், சொந்தப் படத்தோடு சேர்ந்த முதல் நாளே பட்டதாரி அரைப்பக்கம் எழுதினாள். தண்ணீருக்கடியில் பாயும் டார்பிடோ குண்டு, கப்பலின் பக்கவாட்டில் இடிப்பதைவிட, அடிவயிற்றுக்குக் கீழே தண்ணீரில் வெடித்தால்தான் கப்பல் இரண்டாக ஒடியும். அது ஏன் என்று.

பீரங்கியிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: 'அடுப்புல பால் பொங்குது, போய்ப் பாரும்மா.'

அதற்கு நூற்று நாற்பது சிரிப்புப் பொம்மைகள்.

அன்றே வெளியேறினாள். மறுநாள் நங்கூரப் படத்தோடு 'ஓய்வுபெற்ற கேப்டன்' ஒருவர் உள்ளே நுழைந்து, அதே அரைப்பக்கத்தை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் போட்டார்.

'ஐயா, அனுபவம் பேசுகிறது!' என்று எழுதினார் பீரங்கி.

இரண்டு வருஷமாக அனுபவம் பேசிக்கொண்டே இருந்தது. இப்போது அட்மிரல் ஒரு மாதப் பத்திரிகை தொடங்குகிறார். ஆசிரியர் வேலை கேப்டனுக்குத்தான். பேரவை முதல் தடவையாக நேரில் கூடுகிறது. வந்து நியமனக் கடிதத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்.

பட்டதாரியின் திட்டம் எளிமையானது. மாமா கடிதத்தை வாங்குவார். மறுவாரம் கேப்டனுக்கு மூட்டுவலி வரும். 'எனக்குப் பதில் என் அக்கா மகள்' என்று அவரே சிபாரிசு செய்வார். அப்புறம் சலவை இயந்திரத்துக்கு ஒரு கும்பிடு.

சனி மதியம் முழுக்கப் பாடம் நடந்தது. கப்பலின் முன்பக்கத்தைக் காட்டினால் "முன்படி" என்றார் மாமா. பின்பக்கத்தைக் காட்டினால் "பின்படி" என்றார்.

"மாமா, தெரியாததைக் கேட்டா 'அது ராணுவ ரகசியம்'னு சொல்லிடுங்க."

அதையும் நம்ப முடியாமல் காதில் ஒரு சின்னக் கருவியை மாட்டிவிட்டாள். போன் சட்டைப்பையில். "நான் வெளிய இருந்து சொல்லச் சொல்ல அப்படியே சொன்னாப் போதும். சொந்தமா ஒரு வார்த்தை வரக் கூடாது."

டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் கூட்டம். கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்தது: 'உறுப்பினர்கள் மட்டும். குடும்பத்தார் வெளியே அமரவும்.' வெளியே நீளப் பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பெண்கள், காதில் ஒயரோடு, குனிந்த தலை நிமிராமல் செல்போனைப் பார்த்தபடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். சீரியல் வசனத்தைக் கூடவே ஒப்பிக்கிறார்கள் போலும். புருஷன் உள்ளே உலகப் போர் நடத்துகிறான், இதுகளுக்கு மாமியார் சண்டை போதும் என்று மனசுக்குள் திட்டிவிட்டு, பட்டதாரி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து தன் ஒயரைக் காதில் செருகிக்கொண்டாள்.

கண்ணாடி வழியே எல்லாம் தெரிந்தது. உள்ளே பாதிப்பேர் காதில் ஏதோ மாட்டியிருந்தார்கள். சுடாத பீரங்கிக்கே இத்தனை பேருக்குக் காது போயிருக்கிறது என்றால், சுட்டிருந்தால் என்ன கதி!

"வாங்க கேப்டன்! காபியா, டீயா?" என்றார் அட்மிரல்.

"அது ராணுவ ரகசியம்," என்றார் மாமா.

"பாத்தீங்களா, கட்டுப்பாடுன்னா இது!" என்று அட்மிரல் கண் கலங்கினார்.

"உக்காருங்க சார்."

"உக்காந்து பழக்கமில்லீங்க. ஆடுற எடத்துல நின்னே முப்பத்தோரு வருஷம் ஓடிப்போச்சு."

"இருபத்திரண்டு மாமா, இருபத்திரண்டு!" என்று வெளியிலிருந்து சீறினாள் பட்டதாரி.

"இருபத்திரண்டு மாமா, இருபத்திரண்டு," என்றார் மாமா, அட்மிரலைப் பார்த்து.

முறையெல்லாம் வைத்து அழைக்கிறாரே என்று அட்மிரல் பூரித்துப் போனார். பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "சார், உங்க கப்பல்ல எத்தனை பேர் போவீங்க?"

"சட்டப்படி அறுபது. நான் நூத்தி இருபது ஏத்துவேன்."

"மீட்புப் பணி!" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

"மேல ஏறி உக்காருவாங்க, படியில தொங்குவாங்க. கையைக் காட்டிக்கிட்டு நிக்கிற ஜனத்தை விட்டுட்டு வர மனசு வராதுங்க."

முன்வரிசையில் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள்.

"ஐயோ, வாயை மூடுங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் பட்டதாரி.

"ஐயோ, வாயை மூடுங்க!" என்றார் மாமா. சொன்ன சொல் தவறாதவர். மூக்குச் சிந்தியவர்கள் உட்பட மொத்தக் கூட்டமும் விறைப்பாக வாயை மூடியது.

அந்த நேரம் பார்த்து அவள் போன் செத்துக்கொண்டிருந்தது. இரண்டு சதவீதம். பக்கத்தில் இருந்த மூக்குக்கண்ணாடி அம்மாள், தன் முணுமுணுப்பை நிறுத்திவிட்டுத் துணிப்பையிலிருந்து ஒரு பவர் பேங்கை எடுத்து நீட்டினார்.

"இந்தாம்மா. இந்த மாதிரி கூட்டத்துக்கு வந்தா ரெண்டு கொண்டுவரணும்."

பட்டதாரி அவசரமாகச் செருகினாள். செருகிய வேகத்தில் போன் அணைந்து, ஏதோ பெரிய உபகாரம் செய்வதுபோல் முதலிலிருந்து உயிர்பெறத் தொடங்கியது. இணைப்பு போச்சு. அவள் எழுந்து ஓடிப்போய்க் கதவிடுக்கில் காதை வைத்தாள்.

உள்ளே கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒருவர், விரலால் காதை அழுத்தியபடி எழுந்தார்.

"பேரவையில என்னைப் பீரங்கின்னு சொல்வாங்க."

பட்டதாரிக்கு ரத்தம் கொதித்தது. இந்த மூஞ்சியா! இந்தக் கழுத்தைத் திருகத்தானே இரண்டு வருஷமாகக் காத்திருந்தாள்.

"கேப்டன், ஒரே கேள்வி. டார்பிடோ பக்கத்துல இடிச்சா ஓட்டைதான் விழுது. அடியில வெடிச்சா கப்பலே ஒடியுதே, ஏன்? ரகசியம்னு சொல்லாதீங்க. நீங்களே எழுதினதுதான்."

மாமா காதைத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. கூரையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மீசையை ஒரு தடவை தடவிக்கொண்டார்.

"வேகத்தடை தெரியும்ல உங்களுக்கு? நீள வண்டி ஒண்ணு கண்ணு மண்ணு தெரியாம வந்து அதுல ஏறுது. நடு வயித்தைக் கீழேருந்து யாரோ தூக்கின மாதிரி தூக்கும். அடுத்த நொடி அடியில ஒண்ணுமே இருக்காது. முன்னால பாதி வெயிட்டு, பின்னால பாதி வெயிட்டு, நடுவுல அந்தரம். தொப்புன்னு எறங்குறப்ப தன் கனத்துலயே முதுகு முறிஞ்சிடும். டார்பிடோவும் அந்த வேலையைத்தான பண்ணுது? கீழ வெடிக்குது, தண்ணியோட சேத்துத் தூக்குது, அப்புறம் பள்ளத்துல விடுது. எங்க டிப்போவுல ரெண்டு வண்டி இப்படிப் பாத்திருக்கேன்."

"டிப்போவா?"

"அது ராணுவ ரகசியம்."

கைதட்டலில் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. பட்டதாரிக்கே ஒரு கணம் பெருமையாக இருந்தது. அவள் அரைப்பக்கத்தில் சொன்னதை மனுஷன் ஒரு வேகத்தடையில் ஏற்றி இறக்கிவிட்டார்.

அந்தப் பெருமை நீடிக்கவில்லை. அட்மிரல் கடிதத்தை எடுத்தார். "ஆசிரியர் நீங்கதான். ஆனா ஒரு கண்டிஷன். வேற யாரையும் கைகாட்டக் கூடாது. தினமும் பத்து மணிக்கு நீங்களே நேர்ல வந்து இந்த நாற்காலியில உக்காரணும்."

போன் ஒருவழியாக உயிர்பெற்றது. மறுபடி இணைப்பைப் பிடித்தாள். "மூட்டுவலின்னு சொல்லுங்க மாமா! மூட்டுவலி!"

மாமா நாற்காலியைப் பார்த்தார். சுழலும் நாற்காலி. குஷன் வைத்தது. ஆடுகிற இடத்தில் முப்பத்தோரு வருஷம் நின்ற காலோடு அதைப் பார்த்தார். பிறகு காதிலிருந்த கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"ஒண்ணாந் தேதியே வந்துடுறேங்க."

உட்கார்ந்தார். ஒரு சுற்றுச் சுற்றியும் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

படித்தது இவள். எழுதியது இவள். நாற்காலி மட்டும் மீசைக்கு! "இருங்கடா, கேப்டன் யாருன்னு இப்பக் காட்டுறேன்," என்று பட்டதாரி கதவின் கைப்பிடியைப் பிடித்தாள்.

பின்னாலிருந்து அவள் மணிக்கட்டை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். மூக்குக்கண்ணாடி அம்மாள். பெஞ்சில் அத்தனை முணுமுணுப்பும் ஒரே சமயத்தில் நின்றிருந்தது. அத்தனை பெண்களும் ஒயரைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார்கள். நகர்ந்து இடமும் விட்டார்கள்.

"உக்காரு கேப்டன், நீ கதவைத் திறந்தா உள்ள காதுல மாட்டியிருக்கிற அத்தனை பேர் குட்டும் உடைஞ்சிடும்," என்றார் அந்த அம்மாள். "அப்புறம், அடுப்புல பால் பொங்குதுன்னு அன்னைக்கு நான் எழுதினதை மனசுல வெச்சுக்காதம்மா, அப்படி எழுதலேன்னா என்னை எவன் பீரங்கின்னு நம்புவான்?"