தொலிக்கட்டிக்குக் கிடைத்த லேசர் சாட்சி

ஐம்பத்திரண்டு வயதில், அழகு இன்னும் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க லேசர் மிஷின் முன்னால் கன்னத்தைக் காட்டியவன் நான். வடசேரியில் புதிதாகத் திறந்த தோல் ஆஸ்பத்திரியில் முதல் வாரம் சோதனை இலவசம். இலவசம் என்றால் நல்ல பல்லையும் பிடுங்கிக்கொள்ளச் சம்மதிக்கிற சுபாவம். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதென்று படியேறிய பிறகும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

உள்ளே முதல் நாற்காலியிலிருந்து தொலிக்கட்டி கேட்டார்:

"என்ன வே, தலைக்கும் லேசர் அடிக்காவளா?"

அவரை அவமானப்படுத்தக்கூடிய மனிதன் குமரி மாவட்டத்தில் இன்னும் பிறக்கவில்லை. எங்கள் பக்கம் தொலி என்றால் தோல். தொலிக்கட்டி என்றால் தோல் கட்டியானவன், எந்தச் சொல்லும் உறைக்காதவன். இன்சூரன்ஸ் ஏஜெண்டான அவருக்கு இதைவிடப் பெரிய மூலதனம் உண்டா? நாயை அவிழ்த்துவிட்டால் மறுநாள் நாய்க்கு பிஸ்கட்டோடு வருவார். தக்கலையில் ஒரு வாத்தியார் இவர் தலையைக் கண்டதும் கட்டிலில் நீட்டிப் படுத்து, தான் செத்துவிட்டதாகச் சொல்லச் சொன்னாராம். தொலிக்கட்டி போய் மலர்வளையத்தோடு திரும்பி வந்து, கட்டிலருகே நின்று, "பாவி மனுசன், ஒரு பாலிசி எடுத்திருக்கப்பிடாதா!" என்று விம்மிய விம்மலில் பிணம் எழுந்து கையெழுத்துப் போட்டது.

அப்படிப்பட்டவர் முகம் அன்று வாடியிருந்தது. எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவருக்கு மீசை முளைத்த காலம் முதல் யோசேப்பு அவர்தான். இந்த வருஷம் செயலாளர், "வயசாயிட்டு, நீரு ஓரமா மேய்ப்பனா நில்லும்" என்று சொல்லிவிட்டார்.

"மேய்ப்பனுக்கு வசனமே கெடையாது வே. ஆட்டுக்காவது ஒரு 'மே' உண்டு" என்றார். "என் தொலிக்கு வயசாவலைன்னு இந்த மிஷின் சொல்லட்டும். பொறவு பாக்கேன்."

முதலில் என்னை அழைத்தார்கள். டாக்டர் கோயம்புத்தூர்ப் பெண். கையடக்கமான கருவி ஒன்றைக் கன்னத்தில் வைத்தார். ஊசி இல்லை, வலி இல்லை. லேசர் ஒளி தோலுக்குள் போய்த் திரும்பி வந்து உள்ளதையெல்லாம் கோள் சொல்லிவிடுகிறது. திரையில், வற்றி வெடித்துக் கிடந்தது ஒரு சித்திரை மாதத்துக் குளம்.

"இது எந்த ஊரு டாக்டர்?"

"உங்க கன்னம் சார்."

என் தோல் என்னைவிட மூத்ததாம். இனி அதை அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும்.

அடுத்து தொலிக்கட்டி. திரையில் நாற்று நட்ட வயல்போல ஒரு செழிப்பு. டாக்டரின் புருவம் உயர்ந்தது. "வயசாக ஆகக் கொலாஜன் குறைஞ்சு தோல் மெலிஞ்சிடும். உங்களுக்குப் பாருங்க, தோல் நல்ல கட்டியா இருக்கு!"

டாக்டருக்கு எங்கள் ஊர் வசவு தெரியாது. கதவுக்கு வெளியே காத்திருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் ஓடிவந்தார். தொலிக்கட்டி மட்டும் சிரிக்கவில்லை. போனை எடுத்து நீட்டி, "இன்னொருக்கா சொல்லுங்கம்மா" என்று பதிவு செய்து, திரையையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நாடகக் கமிட்டி கூடியது. தொலிக்கட்டி கன்னத்தின் படத்தைப் போனில் பெரிதாக்கிக் காட்டினார்.

செயலாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இது என்ன, நெலாவுல எடுத்ததா?"

"என் கன்னம். சுருக்கம் எங்க கெடக்குன்னு தொட்டுக் காட்டும், பாப்பம்."

"எத்தன தடவ முடியாதுன்னு சொன்னாலும் பொறவும் வந்து நிக்கேரு! நீரு சரியான தொலிக்கட்டி வே!"

தொலிக்கட்டி போனை அமுக்கினார். டாக்டரம்மா கணீரென்று சொன்னார்: "தோல் நல்ல கட்டியா இருக்கு!"

"கேட்டீரா போதகரே? டாக்டரும் செயலாளரும் ஒண்ணு போல சொல்லியாச்சு. ரெண்டு சாட்சி போதும்லா?"

போதகர் சிரிப்பை அடக்கமாட்டாமல் மேஜையில் கவிழ்ந்தார். யோசேப்பு பதவி தப்பியது.

நாடகத்தன்று அவர் மேடையேறியபோது முகம் முழுக்க ஒட்டுத்தாடி. லேசர் மெச்சிய கன்னத்தில் ஒரு பொட்டுகூட வெளியே தெரியவில்லை. சத்திரக்காரன் இடமில்லை என்று கதவைச் சாத்தினான். தொலிக்கட்டி தட்டினார். மறுபடியும் தட்டினார். ஊரெல்லாம் முகத்தில் அறைந்த கதவுகளைத் தட்டித் தட்டிப் பழகிய கை அது. கெஞ்சவுமில்லை, கோபிக்கவுமில்லை, திறக்காமல் போகமாட்டேன் என்று நின்றார். சத்திரக்காரன் மனமிரங்கி அறையைக் கொடுத்து, பாலன் தொழுவத்தில் பிறந்த வேதத்தையே மாற்றிவிடுவானோ என்று சபை மூச்சைப் பிடித்தது. நான் எழுந்து நின்று உள்ளங்கை எரியக் கைதட்டினேன்.

முடிந்ததும் செயலாளர் நேரே என்னிடம் வந்தார்.

"யோசேப்பு ஒண்ணாந்தரம், ஒத்துக்கிடுகேன். ஆனா அடுத்த சீனுக்குன்னு உள்ள ஒறக்கிப் போட்டிருந்த புள்ளய ஒம்ம கைதட்டு எழுப்பிட்டுல்லா வே! பொறக்கதுக்கு முன்னயே பாலன் கெடந்து அழுது கரஞ்சாரு."