எண்ணூற்று அறுபத்தெட்டு உசனார்

மாம்புரி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மருமகன் ஸியாத் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டாரில் நீங்களும் மகள் ஃபஹ்மியாவும் நலமாயிருக்க துஆச் செய்கிறேன். இங்கே நான் சுகம், உங்கள் மாமி அலீமா சுகம், எல்லாவற்றுக்கும் மேலாக இறால்கள் சுகம்.

போன வருடம் வெயிலில்லாத ஒரு மப்பு நாளில் ஒட்சிசன் குறைந்து நம் குளத்து இறால் முழுதும் செத்து மிதந்ததல்லவா, இனி அப்படி நடக்கக்கூடாதென்று நீங்கள் அனுப்பிய இரண்டு பெட்டிகளில் ஒட்சிசன் அளப்பதைக் குளத்தில் இறக்கினேன். அது அனுப்பும் கணக்கை வாங்கிக் காட்டும் மற்றதன் பெயர் கேட்வே என்றீர்கள். பெயரிலேயே கேற் இருக்கிறதே என்று கேற் கம்பத்தில் கட்டி, வீட்டிலிருந்து வயரும் இழுத்தேன். ஒரு கிழமையாகியும் இரண்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. "மருமகன நல்லா ஏமாத்திட்டானுகள், கழட்டிக் கோழிக்கூட்டுல வைங்க" என்று மாமி சொன்னதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் திறந்தேன். உள்ளேயிருக்கும் ரேடியோ மொடியூலில் எழுதியிருந்த அலைவரிசை கேட்வேக்கு 868, குளத்துப் பெட்டிக்கு 433! உங்களைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் புத்தளத்தில் தமிழும் சிங்களமும்கூட ஒருமாதிரிச் சமாளித்துக் கதைத்துவிடும், இவை இரண்டும் கியாமத்து நாள்வரை கதைக்கா. உடனே டவுனுக்கு பஸ் ஏறி, "868தான் வேணும், கூடவும் வேணாம் கொறையவும் வேணாம்" என்று கடையில் வாங்கிவந்து குளத்துப் பெட்டியில் நானே மாற்றிப் பூட்டினேன். கேட்வேயில் பச்சை விளக்கு எரிந்தது. எண் வந்தது! மாமி மெல்ல வீட்டுக்குள் போனா.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு வானம் மப்புப் போட்டது. கேட்வே கீச்சென்று கத்தியது: ஒட்சிசன் மூன்றுக்கும் கீழே. சாரத்தை மடித்துக்கட்டி ஓடிப்போய் ஒட்சிசன் ஏற்றும் தண்ணீர்ச் சக்கரங்கள் நான்கையும் போட்டேன். சத்தம் கேட்டுப் பக்கத்துக் குளத்துத் தோமஸும் தன்னுடையதைப் போட்டான். ஒரு இறால் சாகவில்லை மருமகன், ஒன்றுகூட! சந்தோஷத்தில் வரம்பிலேயே குந்தி அழுதுவிட்டேன்.

வாப்பா இப்போது எஞ்சினியர் என்று ஃபஹ்மியாவிடம் சொல்லுங்கள். உங்கள் ரிஸ்கில், சம்பாத்தியத்தில், அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
868 உசனார்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகையில் தோமஸ் ஒரு பை இறாலோடு வந்தான். "உசனார் நானா, நீங்க வாங்கின அண்டைக்கே நானும் அதே கடையில 868தான் வாங்கி என்ட குளத்துப் பெட்டியில பூட்டினன். ஒங்கட கேற் என்ட குளத்துப் பக்கம்தானே, அதுல கட்டின கேட்வேயில ஓடுறது என்ட குளத்துக் கணக்கு. நேத்து ஒட்சிசன் கொறஞ்சதும் என்ட குளத்துலதான், என்ட கேட்வே தூர வீட்டுல கத்தினது எனக்குக் கேக்கல்ல. நீங்க சக்கரம் போடாட்டி என்ட கதை முடிஞ்சிருக்கும்" என்று கையைப் பிடித்துக்கொண்டான். நம் குளத்துப் பெட்டியின் அடிப்பக்கப் பற்றரி மூடியை முதல்தடவையாகத் திறந்து பார்த்தேன். பற்றரி இல்லை. "சும்மாதானே கெடந்திச்சி" என்று, நான் டவுனுக்குப் போன நேரம் மாமி கழற்றியிருக்கிறா. வீட்டுச் சுவர் மணிக்கூடு மட்டும் ஒரு நிமிஷம் பிசகாமல் ஓடுகிறது.