காப்பு கட்டிய ஊரில் மீன் வாசனை

லைட்ஹவுஸ் குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை.

என் மரியாதைக்கும், அதைவிட முக்கியமாக எங்கள் நைனாவின் பயத்துக்கும் உரிய ஆரம்பாக்கம் வேதாசலம் மாமாவுக்கு, துளசிங்கம் கும்பிட்டு எழுதுவது. இங்கே அனைவரும் நலம். எதிர்வீட்டுக் கங்காதரன் ரொம்பவே நலம். அதுதான் எனக்கு நோய். போனில் சொன்னால் அம்மா காதில் விழும் என்பதால் கடிதம்.

இந்த சீசனில் படகில் இன்ஜின் பக்கம் என்னைத்தான் உட்கார வைப்பதாக நைனா சொல்லியிருந்தார். நடுவில் புகுந்தான் கங்காதரன். பத்தாவதில் என்னைப் பார்த்து எழுதினவன் மாமா! (சரி, நான்தான் அவனைப் பார்த்து எழுதினேன். ஒரே பெஞ்சு என்பது உண்மை.) கடற்கரையில் மீன் வறுத்து விற்கும் காசியம்மாள் கீழே கொட்டும் கறுத்த எண்ணெய், டச்சுக்காரர் கல்லறை மதிலோரம் பொறுக்கிய புங்கங்கொட்டையை ஆட்டிய எண்ணெய், இரண்டையும் வடிகட்டி, சூடாக்கி, காஸ்டிக் சோடா கரைத்த மெத்தனாலை ஊற்றிக் கலக்கி, அடியில் தங்கிய கசடைப் பிரித்து, மேலே நின்றதைத் தண்ணீர் விட்டுக் கழுவி, "இது பயோடீசல்" என்றான். எங்கள் இன்ஜினில் ஊற்றினான். ஓடித் தொலைத்தது. நைனா உடனே என் பக்கம் திரும்பி, "அவன் எண்ணெய டீசலாக்குறான். நீ இன்னாடா பண்ணினு கீற? சோத்த ஏப்பமாக்கினு கீற!" என்றார்.

இதற்குள் அம்மன் கோயிலில் காப்பு கட்டியாயிற்று. பத்து நாள் யாரும் கடலுக்குப் போகக் கூடாது, வீட்டில் மீன் சமைக்கவே கூடாது. நான்காம் நாள் சாயங்காலம் எங்கள் கொல்லையிலிருந்து கமகமவென்று மீன் வறுவல் வாசனை! தெருவே மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. இந்த வருடம் கரகம் எடுக்கப்போவதே எங்கள் அம்மாதான். ஊர்த்தலைவர் பச்சைமுத்து வாசலில் நின்று, "இன்னா தெய்வநாயகி, காப்பு கட்டிட்டு மீன் வறுக்கறியா?" என்றார். "அம்மன் மேல சத்தியமா இல்லண்ணா" என்று அம்மா அழுதேவிட்டது.

நான் பாய்ந்தேன். அம்மாவைக் காப்பாற்றிய மாதிரியும் ஆச்சு, கங்காதரனைக் கவிழ்த்த மாதிரியும் ஆச்சு. "தலைவரே, இது மீனில்ல, இன்ஜின் புகை! எல்லாம் இவன் எண்ணெ வேலை! காசியம்மா கடை மீனெல்லாம் நீந்தின எண்ணெ. காப்பு நேரத்துல ஊரையே மோந்து பாக்க வச்சிட்டான், இன்னா தெனாவட்டு பாருங்க!" என்றேன். காப்புக்காகப் படகிலிருந்து கழற்றிக் கொல்லையில் வைத்திருந்த எங்கள் இன்ஜினை அவனை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். புகை வந்தது. பச்சைமுத்து மோந்தார். இன்னொரு தரம் மோந்தார். "அடேங்கப்பா, வஞ்சிரம்பா!" என்றார். ஊரே சிரித்தது. அம்மா மேல் இருந்த பழி போச்சு; கூடவே என் இடமும் போச்சு. "கீழ கொட்டுற எண்ணெல படகு ஓடுதா? நம்ம படகுக்கும் போட்டுக் குடு கண்ணு" என்று தலைவரே அவன் தோளில் கை போட, நைனா அங்கேயே, "காப்பு அவுத்ததும் கங்காதரன்தான் நம்ம இன்ஜின்ல குந்துவான்" என்று அறிவித்துவிட்டார். நான் கூட்டின கூட்டம் மாமா, அவனுக்குக் கை தட்டுது!

ஆகவே நீங்கள் நேரில் வந்து, "சொந்தப் பிள்ளை கரையில நிக்க, எதிர்வீட்டுப் பிள்ளைக்கு இன்ஜினா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நைனா தட்டமாட்டார். அத்தைக்கு என் வணக்கம். உங்கள் வலையில் மீனும் மனசில் நானும் நிறைந்திருக்க அம்மன் அருளட்டும்.

துளசிங்கம்

பி.கு.: உங்களிடம் மறைப்பானேன். அன்று தலைவர் ஓட்டிக் காட்டச் சொல்லும்வரை அவன் இன்ஜினைத் தொடவேயில்லை. ஏரியில் தூண்டில் போட்டு இரண்டு மடவை மீன் பிடித்து, கொல்லையில் தகர மூடியில் வறுத்தது நான்தான். நாலு நாளாகக் கத்தரிக்காய் மாமா, மனுஷன் தாங்குவானா? எண்ணெய்கூட அவன் வடிகட்டி வைத்திருந்த டின்னிலிருந்து எடுத்ததுதான். வரும்போது வயிற்றுப்போக்குக்கு மாத்திரை வாங்கி வாருங்கள். கங்காதரன் கொடுத்த மாத்திரை இருக்கிறது. அதை விழுங்க எனக்கு மனசு வரவில்லை.